சித்தாளாகப் போகும் அன்பு

(வானொலி மறையுரை. வாசகம்: நெகேமியா 3:1-32)



சென்ற கோடையில் ஒரு நாள், மாலைச் செபமாலை முடிந்த நேரம். நம் பங்கைச் சேர்ந்த கணவனும் மனைவியும் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். கணவர் கொத்தனார், முப்பது ஆண்டுகளாகக் கரண்டி பிடித்த கை அவருடையது. மனைவியும் பல ஆண்டுகள் அவரோடு சித்தாளாக வேலைக்குப் போனவர். ஒரே மகன். கல்விக் கடன் வாங்கி, இருந்த நகையையும் அடகு வைத்து, அவனை மேல்படிப்புக்கு ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த அம்மா கைபேசியை நம்மிடம் நீட்டினார். "சாமி, இவன் எழுதியிருக்கிறதைப் பாருங்க" என்றார்.

மகன் எழுதியிருந்தது இதுதான். கோடை விடுமுறையில் மூன்று வாரம் ருமேனியா நாட்டுக்குப் போகிறான். அங்கே ஒரு சிற்றூரில், ஆதரவற்ற முதியோருக்கு ஓர் இல்லம் கட்டுகிறார்கள். பல நாட்டு மாணவர்கள் அந்த வேலைக்குக் கைகொடுக்கப் போகிறார்கள். கூலி கிடையாது. வண்டிச் செலவு அவரவருடையது. தங்க இடமும் சாப்பாடும் அந்த ஊரார் தருவார்கள்.

தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "சாமி, நான் வாழ்நாளெல்லாம் சாந்துச் சட்டியோட கிடந்தது இவன் அதைத் தூக்கக் கூடாதுன்னுதான். இப்போ கைக்காசு போட்டுப் போய்த் தூக்கப் போறானாம்." மறுபடி ஒரு மௌனம். "அதுகூடப் போகட்டும். தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியாத பய அங்கே போய் என்னத்தைக் கட்டுவான்? அந்த ஊர்ல கொத்தனாரே இல்லையா?"

அன்பார்ந்தவர்களே, அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். கைவேலைக்கு இறங்கிப் போவது படித்த பிள்ளைக்குத் தாழ்வா என்பது ஒன்று. வேலை தெரியாதவன் செய்யும் உதவி உதவிதானா என்பது இரண்டாவது. இரண்டுமே நியாயமான கேள்விகள். நமக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடியதன் பயனைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

இன்றைய வாசகமாக நெகேமியா நூலின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், நம்மில் பலரும் தாண்டிப் போகிற அதிகாரம் இது. கதை இல்லை, உவமை இல்லை. முழுக்கப் பெயர்ப் பட்டியல். பாபிலோனிய அடிமைத்தனத்துக்குப் பின் இடிந்து கிடந்த எருசலேம் மதில் மீண்டும் எழுகிறது. இன்னார் இந்த வாயிலைப் பழுதுபார்த்தார், அவருக்கு அடுத்து இன்னார் என்று பட்டியல் நீள்கிறது.

அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தலைமைக் குருவும் மற்றக் குருக்களும் முதலில் எழுந்து ஆட்டு வாயிலைக் கட்டுகிறார்கள். பொற்கொல்லர் இருக்கிறார்கள், நறுமணத் தைலம் செய்பவர் இருக்கிறார், வணிகர் இருக்கிறார்கள். சல்லூம் என்பவர் தம் புதல்வியரோடு வந்து மதில் வேலை செய்கிறார். எரிகோவிலிருந்தும் கிபயோனிலிருந்தும் தெக்கோவாவிலிருந்தும் வெளியூர் ஆட்கள் வருகிறார்கள். தைலம் காய்ச்சும் கைக்குக் கல் அடுக்கத் தெரிந்திருக்குமா? ஆனாலும் வந்தார்கள். ஒரே ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் ஒரு குறை பதிவாகியிருக்கிறது. தெக்கோவா ஊரின் மேன்மக்கள் இந்த வேலைக்குக் கழுத்தை வளைக்கவில்லை என்கிறது விவிலியம். ஊர்மக்கள் வந்தார்கள், மேன்மக்கள் வரவில்லை. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகியும் அந்த ஒரு வரி அழியாமல் நிற்கிறது.

நம் ஆண்டவரையும் நினைத்துப் பார்ப்போம். நாசரேத்து மக்கள் அவரைத் தச்சர் என்றார்கள். மாற்கு நற்செய்தி அங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'தெக்தோன்' என்பது. மரவேலை செய்பவரையும் கட்டட வேலை செய்பவரையும் குறிக்கக்கூடிய சொல் அது. உலகைப் படைத்த வார்த்தையானவர், யோசேப்பின் அருகில் நின்று, "இப்படிப் பிடி, அப்படி அடி" என்று சொல்லக் கேட்டு வேலை பழகினார். பேசிய ஆண்டுகளைவிட வேலை செய்த ஆண்டுகளே அவருக்கு அதிகம். அப்படியிருக்க, கைவேலை எந்தக் கிறிஸ்தவப் பிள்ளைக்கும் தாழ்வாக இருக்க முடியாது.

வேறு நாட்டுக்குப் போய்க் கூலியில்லாமல் கட்டுவது என்ற பழக்கம் எங்கே தொடங்கியது? அதன் வேர்களில் ஒன்று முதல் உலகப் போரின் இடிபாடுகளில் இருக்கிறது. பிரான்சு நாட்டில் வெர்டன் போர்க்களத்தின் அருகே எசின் என்ற கிராமம் குண்டுவீச்சில் தரைமட்டமாகியிருந்தது. 1920இல் பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் சில நண்பர்களோடு அங்கே போனார். பொறியியல் படித்தவர். அவர் தந்தை சுவிட்சர்லாந்தின் குடியரசுத் தலைவராக இருந்தவர். அந்த மகன் இடிபாடுகளை அள்ளினார், பாதையைச் சீர்செய்தார், வீடிழந்தவர்களுக்குத் தற்காலிக வீடுகள் கட்டினார். அவரோடு வேலை செய்தவர்களில் ஜெர்மானியரும் இருந்தார்கள். எந்த நாட்டுப் படை இடித்ததோ அந்த நாட்டுப் பிள்ளைகள் கட்ட வந்திருந்தார்கள்.

ஆனால் அது முழு வெற்றியாக முடியவில்லை. காயம் ஆறாத மண்ணில் ஜெர்மானியரை ஏற்பது எளிதாக இருக்கவில்லை. எதிர்ப்பு எழுந்தது, சில மாதங்களில் வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. செரசோல் சோர்ந்துவிடவில்லை. 1927இல் ரைன் ஆறு கரையுடைத்து லிக்டன்ஸ்டைன் என்ற சிறு நாட்டின் வயல்களை மண்ணால் மூடியது. அடுத்த ஆண்டு பல நாடுகளிலிருந்து 700க்கும் மேற்பட்ட தொண்டர்கள் வந்து அந்த மண்ணை அள்ளினார்கள். அவர்களில் மாணவர்கள் பலர். 1934 ஜனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியபோது, செரசோல் நம் நாட்டுக்கே வந்தார். முசாபர்பூர் பகுதியில், வெள்ளம் எட்டாத மேட்டு நிலத்தில் கிராமங்களை மீண்டும் எழுப்பும் வேலையில் அவரும் சில ஐரோப்பிய நண்பர்களும் ஊர் மக்களோடு சேர்ந்து உழைத்தார்கள். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில், வெள்ளைக்காரர் சிலர் பீகார்க் குடியானவர்களோடு மண் சுமந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

செரசோல் கத்தோலிக்கர் அல்லர். நம் திருச்சபையிலும் இதே விதை விழுந்தது. பெல்ஜியத்தில் தொங்கர்லோ என்ற இடத்தில் புனித நார்பெர்ட் சபையின் மடம் ஒன்று இருக்கிறது. அங்கே வேரன்பிரிட் வான் ஸ்திராத்தன் என்ற குரு இருந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், கிழக்குப் பகுதிகளிலிருந்து 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான ஜெர்மானியர் துரத்தப்பட்டு, எஞ்சிய ஜெர்மனிக்குள் வந்து குவிந்தார்கள். முகாம்களிலும் குண்டுக்குப் பதுங்கும் நிலவறைகளிலும் குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். 1947 கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு இந்தக் குரு தம் மடத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பெத்லகேமில் சத்திரத்தில் இடமில்லாமல் போனதுபோல இவர்களுக்கும் இடமில்லை, நாம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

யாரிடம் கேட்டார்? நான்கு ஆண்டு ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் துன்பப்பட்ட பெல்ஜிய மக்களிடம். 1940 மே மாதம் விங்த் என்ற கிராமத்தில் ஜெர்மன் படையினர் எண்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றிருந்தார்கள். அந்த ஊருக்கும் போய், ஜெர்மானியருக்காகக் கையேந்தினார். மக்கள் கொடுத்தார்கள். வீட்டுப் பெண்களிடம் உப்பிட்ட பன்றி இறைச்சியைக் கேட்டு வாங்கி அனுப்பியதால் 'பன்றி இறைச்சிச் சாமியார்' என்றே அவருக்குப் பெயர் நின்றது.

உணவு கொடுத்தாயிற்று. ஆனால் குடியிருக்க வீடு வேண்டுமே! 1953இல் அவர் 'கட்டுவோர் அணி' ஒன்றைத் தொடங்கினார். விடுமுறையில் மாணவர்கள் எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய், அகதிக் குடும்பங்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்டிருந்த வீடுகளில் வேலை செய்தார்கள். கூலி இல்லை, சாப்பாடும் படுக்கையும்தான். பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஜெர்மன் ராணுவ வண்டியைக் கண்டு கதவைச் சாத்திய வீட்டுப் பிள்ளைகள், ஜெர்மானியர் வீட்டுக்குச் சாந்து குழைத்தார்கள். அந்த அணி இன்றும் ஐரோப்பாவின் பல நாடுகளில் மாணவர்களை வேலைக்கு அனுப்பி வருகிறது.

அன்பார்ந்தவர்களே, பகைவரை நேசியுங்கள் என்று ஆண்டவர் சொன்னதைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறோம். அந்தக் கட்டளைக்கு இந்த மாணவர்கள் ஒரு சுவரும் கூரையும் கொடுத்தார்கள்.

இதோடு நிறுத்திவிட்டால் அந்தக் கொத்தனாரின் இரண்டாம் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்களாவோம். வேலை தெரியாதவன் போய் என்னத்தைக் கட்டுவான்? இதற்கும் ஓர் உண்மை நிகழ்ச்சி இருக்கிறது, அது இனிமையானதல்ல. 2014இல் அமெரிக்க இளம்பெண் ஒருவர் தம் பள்ளிக்கால அனுபவத்தை எழுதினார். உலகெங்கும் பலர் அதைப் படித்தார்கள். அவர் தம் பள்ளித் தோழியரோடு ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டுக்குப் போயிருந்தார். பெற்றோர் அதற்குப் பெருந்தொகை செலுத்தியிருந்தார்கள். அங்கே ஓர் அனாதை இல்லத்துக்கு நூலகம் கட்டும் வேலை. மாணவியர் பகலெல்லாம் கலவை குழைத்துச் செங்கல் அடுக்கினார்கள். சுவர் சரியாக நிற்கவில்லை. ஆகவே ஒவ்வோர் இரவும் உள்ளூர் ஆட்கள் வந்து, பகலில் கட்டியதைப் பிரித்து மறுபடி ஒழுங்காகக் கட்டினார்கள். காலையில் எழும் பிள்ளைகளுக்கு மனம் நோகக் கூடாது என்று, அவர்களுக்குத் தெரியாமலேயே செய்தார்கள்.

இங்கே யார் யாருக்கு உதவினார்கள்? பகல் முழுதும் தங்கள் வேலையைப் பார்த்தவர்கள், தூக்கத்தை விட்டு, விருந்தாளிகளின் மனம் நோகாமல் காத்தார்கள். உதவி செய்ய வந்தவர்கள் உதவி பெற்றுக்கொண்டு போனார்கள், பெற்றது தெரியாமலேயே.

இது அந்தப் பிள்ளைகளின் குற்றமில்லை. அந்தப் பெண் அதை மறைக்காமல் எழுதியதே பெரிய காரியம். பயணச் செலவுத் தொகையைக் கொடுத்திருந்தால் உள்ளூர்க் கொத்தனார்களுக்கு எத்தனை நாள் கூலி கிடைத்திருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நாமும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நாம் வாங்குகிற இடத்திலும் இருந்தவர்கள்தானே! 2004 டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் காலை, ஆழிப்பேரலை நம் கடற்கரையை அடித்துக்கொண்டு போனது. எங்கிருந்தெல்லாமோ மக்கள் ஓடிவந்தார்கள், அந்த அன்பை நாம் மறக்க முடியாது. ஆனால் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போன பழந்துணிக் குவியலையும் கண்டோம். எல்லாம் இழந்த மீனவத் தாய்மார் அதை ஏறெடுத்துப் பார்க்காமல் கடந்து போனார்கள். இன்னும் சிலர் வந்தார்கள். எதையும் கொட்டவில்லை. மணலில் உட்கார்ந்து, "என்ன வேண்டும் அம்மா?" என்று கேட்டு, சொல்லும்வரை காத்திருந்தார்கள். இருவர் கையிலும் உதவி இருந்தது. பின்னவர்கள் மட்டுமே நம்மை ஆளாக மதித்தார்கள்.

இதிலிருந்து நமக்குத் தெளிவானது ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டட வேலையிலும் கொத்தனார் உண்டு, சித்தாள் உண்டு. சித்தாள், சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்று தீர்மானிப்பதில்லை. கொத்தனார் கேட்கும்போது சாந்து கொடுக்க வேண்டும், செங்கல் நனைத்து வைக்க வேண்டும், சொன்னதைச் செய்ய வேண்டும். தொலைவிலிருந்து உதவப் போகும் அன்பு சித்தாளாகப் போக வேண்டும். மேஸ்திரியாகப் போனால் அது கோணல் சுவரைக் கட்டிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடும்.

இதைத்தான் புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதுகையில் கிறிஸ்துவிடம் கண்டார். கடவுள் தன்மையில் இருந்தவர் அதைப் பிடித்துக்கொண்டிருக்காமல் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் நிலைக்கு இறங்கினார். நம் மீட்பு மேலிருந்து எறியப்பட்ட பொருளாக வரவில்லை. நம்மிடையே பிறந்து, நம் மொழியைக் கற்று, நம் வீட்டுச் சோற்றை உண்டு, முப்பது ஆண்டு காத்திருந்து வந்தது.

ஆகவே இத்தகைய பணிக்குப் போக விரும்பும் பிள்ளைகளும் அனுப்பும் பெற்றோரும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. முதலாவது, இந்தக் கட்டடத்தைக் கேட்டது யார்? அதில் குடியிருக்கப் போகிறவர்களா, அல்லது நமக்கு ஒரு வேலை தேவை என்பதற்காக யாரோ ஏற்பாடு செய்ததா? இரண்டாவது, யார் சொல்ல வேலை நடக்கிறது? வேலை தெரிந்த உள்ளூர் ஆள் மேலே இருக்கிறாரா? அவருக்குரிய கூலி அவருக்குக் கிடைக்கிறதா? மூன்றாவது, நாம் திரும்பி வந்தபின் அங்கே என்ன நிற்கும், நமக்குள் என்ன நிற்கும்? இந்த மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால், மகிழ்ச்சியோடு போகட்டும். இல்லையென்றால், அந்தத் தொகையை அங்கே அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பதே சிறந்த தொண்டாக இருக்கலாம்.

அந்தத் தம்பதியரிடம் நாம் இவ்வளவும் சொல்லவில்லை. "முதல்ல அவன்கிட்ட விசாரிங்க. வேலை தெரிஞ்ச ஆள் அங்கே இருக்காரான்னு கேளுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினோம். அன்று இரவே தந்தை மகனிடம் பேசியிருக்கிறார். அங்கே ஊர்க் கொத்தனார்கள் இருவர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள், மாணவர்கள் அவர்களுக்குக் கையாட்கள்தான் என்று மகன் சொல்லியிருக்கிறான். "அப்படின்னா சரி" என்ற தந்தை, ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். சட்டியை எப்படிப் பிடித்தால் இடுப்பு பிடிக்காது, சிமெண்ட் கையை அரிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும், சாரத்தில் நிற்கும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கடைசியில், "அங்கே உள்ள கொத்தனார் வேற மாதிரி சொன்னா, அவர் சொல்றதைக் கேளு. அந்த ஊர் மண்ணு அவருக்குத்தான் தெரியும்" என்றாராம். இருபத்து நான்கு ஆண்டுகளில் அந்தத் தந்தை மகனுக்குத் தம் தொழிலைப் பற்றிச் சொன்னது அதுவே முதல் முறை. தெரிந்துகொள்ளக் கூடாது என்றல்லவா வளர்த்திருந்தார்!

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். இந்த முறை கண் கலங்கியிருந்தது. மகன் தொலைபேசியில் கேட்டானாம்: "அம்மா, அப்பா ஒரு நாளைக்கு எத்தனை சட்டி பூசுவார்? நீங்க எத்தனை சட்டி தூக்குவீங்க?" அவர் சொன்னார்: "சாமி, இத்தனை வருஷத்துல இதை யாரும் எங்ககிட்ட கேட்டதில்ல."

அன்பார்ந்தவர்களே, அந்தக் கேள்வி நம்மையும் சுட்டது. நம் ஆலயத்தின் முகப்பில் பளிங்குக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அர்ச்சித்த ஆயர் பெயர் இருக்கிறது, பங்குக் குருக்களின் பெயர் இருக்கிறது, நன்கொடையாளர் பெயர்கள் தொகையோடு இருக்கின்றன. கட்டிய கொத்தனார் பெயர் ஒன்றும் இல்லை. தலைச்சுமையாய்ச் செங்கல் ஏற்றிய பெண்களின் பெயர் ஒன்றும் இல்லை. நெகேமியாவின் பட்டியலில் சல்லூமின் புதல்வியருக்கு இடம் கிடைத்தது. நம் கல்வெட்டில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. இன்று நம் ஊர்க் கட்டடங்களில் சாரமேறி நிற்கும் பீகார், ஒடிசாப் பிள்ளைகளும் அப்படியே. தொலைதூரத்திலிருந்து நம் வீட்டைக் கட்ட வந்திருக்கிற அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? ஞாயிறன்று அவர்கள் எங்கே உண்கிறார்கள் என்று கேட்டிருக்கிறோமா?

வெளிநாட்டுக்குப் போய்ச் சட்டி தூக்கும் வாய்ப்பு நம்மில் மிகச் சிலருக்கே கிடைக்கும். ஆனால் அந்த மகன் மூன்று வாரத்தில் கற்றதை நாம் இந்த வாரமே தொடங்கலாம். நம் தெருவில் வேலை நடக்கும் இடத்தில் நின்று, ஒருவர் பெயரைக் கேட்போம். நம் வீட்டில் உழைத்துத் தேய்ந்த பெற்றோரின் கையை ஒருமுறை பிடித்துப் பார்த்து, அவர்கள் சுமந்தது எவ்வளவு என்று கேட்போம். பதில் சொல்லும்வரை காத்திருப்போம்.

மன்றாடுவோம். ஆண்டவரே, நீர் கட்டாத வீட்டை நாங்கள் கட்டினால் எங்கள் உழைப்பு வீண் என்று அறிவோம். தொலைநாட்டில் பிறர் வீட்டுக்குச் சுவர் எழுப்பும் எல்லா இளையோரையும் காத்தருளும். அவர்கள் கைக்கு வலிமையும் மனதுக்குத் தாழ்ச்சியும் தாரும். கட்டடத் தொழிலாளர் அனைவரையும் சாரத்திலும் படியிலும் தவறாமல் தாங்கிக்கொள்ளும். தச்சரின் மகனாக எங்களிடையே உழைத்த உம் திருமகன், எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.